வெள்ளலை நகரில் கால் அளவு எடுத்தவள்

கடலைப் பார்த்தபடி ஒரு வீடு வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டவர்கள், ஆசைப்பட்டபடியே வீடு வாங்கி, பால்கனியில் பிரம்பு நாற்காலி போட்டு, காபித் தம்ளரோடு உட்கார்ந்து சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்து, எழுந்த சூரியனைப் படமெடுத்து, மாம்பலத்திலும் அம்பத்தூரிலும் சந்துக்குள் குடியிருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி அவர்களுடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட ஊர் வெள்ளலை நகர். பட்டணத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எட்டு அடுக்குமாடிகள், நடப்பதற்குச் சிவப்புக் கல் பதித்த பாதை, கைப்பந்துத் திடல், யோகாவுக்கு மரத்தளம், துடுப்புப் படகு கட்டிவைக்க ஒரு கொட்டகை, சாயங்காலம் ஐஸ்கிரீம் வண்டி, இரண்டு கருங்கல் தடுப்புகளுக்கு நடுவே பாயை விரித்ததுபோல வெண்மணல். மணலுக்கு இரண்டு பக்கமும் கம்பிவேலி உண்டு. வேலிக்கு வடக்கே பழையகுப்பம் இருந்தது. அந்த மணலில் ஒருகாலத்தில் குப்பத்துப் பெண்கள் கருவாடு காயவைத்தார்கள் என்பதும், கருவாட்டு வாசனை பால்கனிக்கு ஆகவில்லை என்பதால்தான் வேலி வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் இருந்தது. நாயை நடத்திக் கூட்டிப்போக ஓர் ஆள், காரைத் துடைக்க ஓர் ஆள், மின்வாரிய அலுவலகத்தில் போய் நிற்க ஓர் ஆள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருக்க ஓர் ஆள் என்று தங்களால் முடியாததற்கும் தங்களுக்குப் பிடிக்காததற்கும் ஆள் வைத்துப் பழகியவர்கள் அவர்கள். வைகுண்ட ஏகாதசிக்கு வரிசையில் நிற்க டிரைவரை விடியுமுன்னே அனுப்பிவிட்டு, சொர்க்கவாசல் திறக்கும் நேரத்துக்குக் காரில் போய் இறங்கிய புண்ணியவான்களும் உண்டு. கெட்ட மனிதர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கு வேலைக்காரர்களுக்கெல்லாம் புதுத்துணி கொடுத்தார்கள், பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஊருக்கு ஒரு மார்கழியில் காலடிகள் வரத் தொடங்கின.

முதல் நாள், காலை நடைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். ஈர மணலின் நட்டநடுவே, எங்கிருந்தும் வராமல், வானத்திலிருந்து ஒருவர் இறங்கி நடந்ததுபோல ஒரு வரிசைக் காலடி தொடங்கி, வலதும் இடதுமாக நிதானமாகப் போய்த் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. அலை அதன்மேல் ஏறி வந்தது, நுரைத்துத் திரும்பிப் போனது, தடம் மட்டும் சுட்ட செங்கல்லில் பதிந்ததுபோல அப்படியே கிடந்தது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மணலில் ஏதோ தாது கலந்திருக்கிறது என்றார் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். அதைச் சுற்றிக் குழந்தைகள் சிப்பி பொறுக்கின. பதினோரு மணிக்கு, பதினாறு வருஷமாகக் கடல் குளியல் தவறாத வங்கி மேலாளர் விஸ்வநாதன், துண்டை மணலில் மடித்து வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். துண்டு சாயங்காலம்வரை அங்கேயே இருந்தது.

இருபது நாள் கழித்து இன்னொரு தடம் வந்தது. இந்தமுறை மெல்லிய, குழிந்த உள்ளங்கால். கூட்டத்துக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்றிருந்த அம்சா, யாரும் கேட்காமலே, "இது நாலாவது மாடி வசுமதி அம்மா காலு" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, தடுப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம் யோகா டீச்சர் வசுமதி நீந்தப் போய் அரைமணி ஆகியிருந்தது.

அம்சா பழையகுப்பத்துக்காரி. வெள்ளலை நகரில் பதினொரு வருஷமாகத் தரை துடைத்து, இப்போது துப்புரவுப் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரியாக இருந்தாள். குனிந்து துடைக்கிறவளுக்கு முகங்களைவிடக் கால்களோடுதான் பழக்கம். துடைத்த தரை காய்வதற்குள் மிதித்துப் போகிறவர்களின் ஈரத்தடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்ததில், முந்நூற்றுப் பதினாலு வீட்டுக் கால்களும் அவளுக்கு மனப்பாடம். லிஃப்ட் வாசலில் எதிரே வருகிறவர் யாரென்று தெரியாமல் அவள் விழித்ததுண்டு, அவர் போனபின் தரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதும் உண்டு.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பத்மஜா மேடம் அன்றே அம்சாவைக் கூப்பிட்டுவிட்டார். பெண்கள் கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவர், குரலை உயர்த்தாமலே ஊரை நடத்துகிறவர். "இனிமே தடம் வந்தா முதல்ல நீதான் பார்க்கணும் அம்சா. பார்த்துட்டு என்கிட்ட மட்டும் சொல்லு. பதற்றம் கூடாது, இல்லையா?" என்றார். சரி மேடம் என்றாள் அம்சா. அவளுடைய மகள் ரோஷினிக்கு ஊரிலேயே பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவர் அந்த மேடம்தான், மேடத்தின் பேத்தி அன்விதாவும் ரோஷினியும் ஒரே வகுப்பு. அவர் சொல்லி இவள் மறுப்பது என்பது நடக்காத காரியம்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். நுழைவாயில் பலகையில், லிஃப்ட் பழுது, தண்ணீர் நிறுத்தம் என்ற அறிவிப்புகளுக்குக் கீழே, "இன்று காலடி இல்லை" என்று ஒரு வரி சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் அதற்கென்று ஒரு குழு வந்தது, தடம் வராத நாட்களில் அங்கே காலை வணக்கப் பூக்கள் குவிந்தன. காலடி உண்டு என்று எழுதிய நாட்களில் யாரும் கடலில் இறங்காமல் மாடியில் கேரம் போட்டி வைத்துக்கொண்டார்கள், பஜ்ஜி போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றாத பழக்கம் பரவியது. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், பெண்ணின் காலை எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்க, பெண் வீட்டாரும் அதில் தப்பொன்றும் இல்லை என்று காட்டினார்கள். வீட்டு விலை இறங்கும் என்று பயந்தார்கள், இறங்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளும் கடல் வேறு எங்கே இருக்கிறது என்று தரகர்கள் பேசினார்கள்.

மூன்றாவது தடம் சங்கத்தின் பொருளாளர் ரங்கநாதனுடையது. குழியே இல்லாத தட்டைக்கால், அம்சா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, மனைவி வாசலிலும் மச்சினன் பால்கனியிலும் காவல் இருந்தார்கள். அவர் மோர் குடித்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தார். குளிக்கிறவர்களுக்கு எல்லை காட்ட மார்பளவு தண்ணீரில் ஒரு சவுக்குக் கம்பமும் அதில் சிவப்புக் கொடியும் உண்டு. உப்புக்காற்றில் கிழியாமலிருக்கத் தினமும் சாயங்காலம் அதை அவிழ்த்து வருவது காவலாளி லோகநாதனின் வேலை. காலடி உண்டு என்ற அறிவிப்பு தனக்கும் சேர்த்துத்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் வழக்கம்போல இறங்கினான். கொடி மட்டும் கரைக்கு வந்தது. மறுநாள் காலை ரங்கநாதனின் தடம் இருந்த இடத்தை அலை வழித்துத் துடைத்துவிட்டிருந்தது.

"லோகநாதன் கால் எப்படி இருக்கும் அம்சா?" என்று கேட்டார் பத்மஜா மேடம்.

"சார் காலு மாதிரியேதான் மேடம். தட்டைக்காலு. நீளங்கூட அதேதான்."

அறையில் சங்கத்துக்காரர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். சொல்லாமலேயே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் புரிந்தது. கடலுக்குப் போகவும் ஆள் வைக்கலாம்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த நீலத் தட்டு வந்தது. பூச்செடித் தொட்டிகளை வைக்கிற அகலமான பிளாஸ்டிக் தட்டு, அதில் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஈர மணல். காவலுக்கும் தோட்டத்துக்கும் புதிதாக வேலை கேட்டு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்க வேண்டும். "ஷூ அளவுக்குப்பா" என்று அம்சா சொல்வாள். ஷூவும் உண்மையிலேயே கொடுத்தார்கள், கறுப்பு ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸோடு. சங்கத்துக்கு ஐம்பது வேலையாள் தேவை, வைத்திருந்தது நூற்றிருபது. எதற்கு இத்தனை பேர் என்று ஒரு குடும்பமும் கேட்கவில்லை, பராமரிப்புத் தொகை ஏறியபோதுகூட ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அது ஒன்றே போதும், எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு.

தடம் வரும். அம்சா பார்ப்பாள். வீட்டுக்காரர் பெயரை மேடத்திடம் சொல்வாள். மேடம் சற்றுப் பொறுத்து, ஜன்னலைப் பார்த்தபடி, "இந்த அளவு நம்ம ஆட்கள்ல யாருக்கு இருக்கு?" என்று கேட்பார். அதற்கும் அவள் ஒரு பெயரைச் சொல்வாள். அன்று சாயங்காலம் கொடி எடுக்கும் வேலை அந்தப் பெயருக்குப் போகும். லோகநாதனுக்குப் பிறகு தோட்டக்காரக் கிழவர் ஒருவர், அவருக்குப் பிறகு வண்ணம் அடிக்க வந்து நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஒருவன், அவனுக்குப் பிறகு முனிரத்தினம்.

முனிரத்தினம் செய்யூர்ப் பக்கத்து ஆள். தட்டில் ஏறியதும் ஈர மணல் கூசிச் சிரித்துவிட்டான். முப்பத்தாறு வயதில் அவன் போட்ட முதல் ஷூ அது. அம்சாவை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவான். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீண்டிருக்கும் கால், ஆறாவது மாடி டாக்டருக்கும் அதே கால். ஐப்பசியில் அந்தத் தடம் வந்தபோது, "யாருக்கு இருக்கு?" என்று மேடம் கேட்க, அம்சா வாயைத் திறந்தாள், பெயர் வந்தது. சாயங்காலம் அவன் நனைந்தால் கெட்டுவிடும் என்று ஷூவைக் கழற்றி, உலர்ந்த மணலில் சேர்த்து வைத்து, சாக்ஸை மடித்து உள்ளே செருகிவிட்டு இறங்கினான். கொடிக்கம்பத்தைத் தொட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிக் கையைக்கூடத் தூக்கிக் காட்டினான். பிறகு கம்பம் மட்டும் இருந்தது.

எனக்கு ஒன்றும் தெரியாது, பெயர் கேட்டார்கள், சொன்னேன் என்று அம்சா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பட்டமான பொய். அவளுக்குத் தெரியும், அந்த ஊரில் மற்ற யாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்தாள், தட்டில் போட்டாள், தின்ன முடியவில்லை. கணவன் தேசிங்கு என்ன என்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். வெள்ளலை நகருக்குள் நடப்பது எதையும் வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள், ஆனால் அவள் வாயை அடைத்தது அந்தக் கையெழுத்து இல்லை, வெட்கம்.

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவள் வழக்கம்போல ஆறு மணிக்கு மணலுக்கு வந்தாள். தடம் இருந்தது. அவளுடைய உள்ளங்கையைவிடச் சற்றுத்தான் நீளம். சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கிய குட்டிக் கால்கள், துள்ளித் துள்ளிப் போய்த் தண்ணீரில் இறங்கியிருந்தன.

அன்விதாவின் கால். பிறந்த ஐந்தாம் மாதத்திலிருந்து அம்சா எண்ணெய் தேய்த்து உருவிவிட்ட கால், தெரியாமல் போகுமா. அதை அடையாளம் கண்ட அதே நொடியில் இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் மணலில் உட்கார்ந்தாள். அன்விதா போட்டுக் கழித்த செருப்புகள் வருஷா வருஷம் ரோஷினிக்கு வந்துவிடும். முன்னே பின்னே ஒரு நூல் இடைவெளி இல்லாமல் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். இரண்டுக்கும் ஒன்பது வயது, பிறந்ததில் பதினேழு நாள்தான் வித்தியாசம். போன வாரம்தான் பத்மஜா மேடம் பேத்தியின் ரோஸ் நிறச் செருப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "உன் பொண்ணுக்கும் சரியா இருக்கும், ரெண்டும் ஒரே கால்" என்று சிரித்தார்.

மேடம் அலுவலக அறையில் காத்திருந்தார். அவள் வருவதற்கு முன்பே யாரோ அவருக்குப் படம் அனுப்பிவிட்டார்கள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் புடவை மடிப்பு கலையவில்லை. அம்சா பெயரைச் சொல்லவில்லை, மேடமும் கேட்கவில்லை. யாருக்கு இருக்கு என்ற அந்த இரண்டாவது கேள்வியையும் அன்று அவர் கேட்கவில்லை.

"சாயங்காலம் குழந்தைகளுக்கு பீச்ல பந்து விளையாட்டு வச்சிருக்கோம் அம்சா" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "ரோஷினியைக் கூட்டிட்டு வா. புது கவுன் எடுத்து வச்சிருக்கேன். அஞ்சு மணிக்கு."

"சரி மேடம்" என்றாள் அம்சா. பதினொரு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. படியிறங்கும்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. நுழைவாயிலைத் தாண்டியதும் ஓடினாள், பள்ளிக்கூடத்துக்கு ஓடி, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மகளை இழுத்துக்கொண்டு, முதுகுப்பையை மறந்துவிட்டுக் குப்பத்துக்கு வந்து சேர்ந்தாள்.

தேசிங்கு படகு நிழலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அவன் எதிரே உட்கார்ந்து, ஒரு வருஷமாக விழுங்கி வைத்திருந்ததை எல்லாம் அம்சா சொன்னாள். விஸ்வநாதன், வசுமதி, லோகநாதன், நீலத் தட்டு, ஷூ, கொடி, முனிரத்தினம், எதையும் விடவில்லை. அவன் ஊசியைக் கீழே வைக்காமல் கேட்டான். ரோஷினி பெயர் வந்த இடத்தில் ஊசி நின்றது.

"கூட்டுக்கினு போமாட்ட இல்ல?"

"செத்தாலும் போமாட்டேன்."

"அப்புறம் இன்னா. இங்கயே இருக்கட்டும்."

"அது இல்லய்யா. யாராச்சும் ஒருத்தர் போனாத்தான கடலு அடங்கும். நம்ம பொண்ணு போவலன்னா அந்தக் கொழந்த போவணுமே. அதயும் நாந்தான வளத்தேன்."

தேசிங்கு அவளை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தான். "இன்னாடி பேசற நீ? குப்பத்துல பொறந்தவதான நீயி? கெட்ட குறி தெரிஞ்சா நாம இன்னா பண்ணுவோம்?"

அவள் மணலை விரலால் கீறிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு. தண்ணி நெறம் மாறுனா, மீனு செத்து ஒதுங்குனா, இன்னா பண்ணுவோம்?"

"தொழிலுக்குப் போ மாட்டோம்."

"அவ்ளோதான? அன்னிக்கு ஒருநாளு ஒருத்தனும் எறங்க மாட்டான். கரையில குந்திக்கினு வலைய தைப்போம். மறுநாளு சரியாப்பூடும். உள்ள நீரோட்டம் கெட்டுப்போயிருக்குது, எறங்காதன்னு அது சொல்லுது. அன்னிக்கு எவன் எறங்குனாலும் இழுக்கத்தான் இழுக்கும், காலு எவன் காலா இருந்தா அதுக்கு இன்னா? வராதன்னு சொல்ற கடலுக்கு ஆள அனுப்பி வச்சீங்களா நீங்க?"

அம்சாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வராதே என்று சொன்னதா. வா என்று கூப்பிடவில்லையா. அப்படியானால் லோகநாதன் எதற்கு, அந்தத் தோட்டக்காரர் எதற்கு, பெயிண்ட் அடித்தவன் எதற்கு, முனிரத்தினம் எதற்கு. அப்படி இருக்கக்கூடாது, இந்த மனுஷன் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று ஒரு கணம் அவள் மனசார வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்து, தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் சொல்வது பொய்யாக இருந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு குழந்தை போக வேண்டும்.

நான்கு மணிக்கு மேடத்தின் கார் குப்பத்து முனைவரை வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நாலரைக்கு ஃபோன் ஏழுமுறை அடித்து ஓய்ந்தது. ஐந்து மணிக்குப் பத்மஜா மேடம் தானே வந்தார். பதினாறு வருஷமாக எட்டிப் பார்க்காத குப்பத்துக்குள், வலைகளையும் நாய்களையும் தாண்டி, மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து வந்தார். கூட ஆள் யாரும் இல்லை.

"அம்சா" என்றார். குரல் கல்லூரி முதல்வரின் குரலாக இல்லை. "என் பேத்திடி."

"எம் பொண்ணு மேடம்."

"அவளை என்ன படிக்க வைக்கணும், எங்கே படிக்க வைக்கணும், எல்லாம் நான் பார்த்துக்கறேன்னு சொன்னேனே..."

சொல்லிக்கொண்டே வந்தவர், ரோஷினி போன பிறகு எந்தப் பிள்ளையைப் படிக்க வைப்பது என்பது அவருக்கே உறைத்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திவிட்டார். அம்சா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். மேடம் உட்காரவில்லை.

"மேடம், இன்னிக்கு ஒரே ஒரு நாளு யாரும் எறங்காம இருந்து பாக்கலாம். அன்விதா பாப்பா வீட்டுல இருக்கட்டும். இவ இங்க இருக்கட்டும். கொடி கெடந்தா கெடக்குது, கிழிஞ்சா வேற வாங்கிக்கலாம்."

"ஒண்ணும் ஆகாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மேடம்."

"தெரியாம என் குழந்தை உயிரை வச்சுப் பார்க்கச் சொல்றியா?"

"எங்கொழந்த உசுர வச்சு நீங்க பாக்க வந்தீங்களே மேடம்."

மேடம் உட்கார்ந்தார். கதவிடுக்கு வழியே ரோஷினி, "அன்விதா பாட்டி வந்திருக்காங்களாம்மா?" என்று கேட்டது. தேசிங்கு கதவுக்குக் குறுக்கே வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு தைத்தபடி இருந்தான். சாலைக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்க இறங்க, மேடம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஃபோன் செய்தார். என்ன பண்றா, பால்கனிக் கதவு பூட்டியிருக்கா, குளியலறை வாளியில் தண்ணி இருக்கா, கொட்டிடு, எல்லாத்தையும் கொட்டிடு. அம்சா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் வயிற்றில் இருக்கும் அதே தீதான் அந்த வயிற்றிலும் எரிகிறது என்று தெரிந்தது, ஆனால் பாவம் என்று நினைக்க முடியவில்லை. வெளிச்சம் போவதற்கு முன் மேடம் எழுந்து வந்த வழியே போனார்.

விடிந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு அம்சா பார்த்தாள். மணல் துடைத்து வைத்த பலகைபோலச் சுத்தமாக இருந்தது, தடம் இல்லை. ஐந்தாவது மாடி பால்கனியில் அன்விதா பால் தம்ளரோடு நின்று அவளைப் பார்த்துக் கையாட்டியது. குடிசைக்குள் ரோஷினி புரண்டு படுத்து, இன்னும் கொஞ்ச நேரம் என்றது. யாரும் போகவில்லை, கடல் யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் பொறுத்திருந்தது, அவ்வளவுதான். அம்சா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பார்த்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. கேசரி கொடுத்தார்கள். அம்சாவை முதல்முறையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், அவள் நின்றபடியே சொன்னாள். காலடி வந்தா யாரும் எறங்காம இருந்தா போதும், காவல்காரனும் எறங்க வேணாம், யாரும் சாக வேணாம், முன்னாடியும் யாரும் செத்திருக்க வேணாம். கடைசி வரியைச் சொன்னபோது பல பேர் கேசரியைப் பார்த்தார்கள்.

பத்மஜா மேடம் தொண்டையைச் செருமினார். புடவை மடிப்பு ஒழுங்காக இருந்தது, குரலும் திரும்பி வந்திருந்தது. "நடந்தது நல்லதுதான். ஆனா இது ஒரு குழந்தை விஷயம். குழந்தைன்னு கடல் விட்டிருக்கலாம். பெரியவங்களுக்கும் அப்படியேன்னு ஒரு தடவையை வச்சு எப்படிச் சொல்ல முடியும்? இருக்கற ஏற்பாடு இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ரங்கநாதன் இரண்டுமுறை ஆட்டினார். அம்சாவுக்கு அப்போதுதான் அவர்களுடைய பயம் எதன்மேல் என்று புரிந்தது. அன்றைக்கு அவர்கள் பயந்தது கடலுக்கு அல்ல. அவள் சொன்னதை ஒப்புக்கொண்டால் அந்த நாலு பேருக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பயம்தான். அவள் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். நீலத் தட்டை எடுத்து மணலைக் கொட்டி, தட்டைக் காலால் மிதித்து உடைத்தாள். மறுநாளே வேறொன்று வாங்கிவிட்டார்கள். அவள் வேலைக்கும் வேறொரு பெண் வந்துவிட்டாள். ரோஷினி குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினாள்.

அதற்குப் பிறகு தேசிங்கும் குப்பத்து ஆட்களும் ஒரு வேலை செய்தார்கள். வேலியோரம் ஓர் ஆள் மாற்றி ஓர் ஆள் காவலிருந்து, தடம் தெரிந்த நாளில் தண்ணீரில் கால் வைக்காமல், கருங்கல் தடுப்பின்மேல் ஏறிக் கயிறு வீசி, கொடிக்கம்பத்தையே பிடுங்கி எறிந்துவிட்டு வந்தார்கள். சங்கம் புகார் கொடுத்தது. அது நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் அம்சாவுக்கு அது போதவில்லை. சோறு இறங்கவில்லை, உடம்பு பாதியாகிவிட்டது. பங்குனி பிறந்ததும் ஒருநாள் பஸ் ஏறி, செய்யூரில் இறங்கி, விசாரித்துக்கொண்டே முனிரத்தினத்தின் ஊருக்குப் போனாள்.

அவன் மனைவி கன்னியம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு வயதுப் பிள்ளை தூங்கியது. கொடி அவிழ்க்கப் போனவனை அலை இழுத்துவிட்டது என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். வந்தவள் யாரென்று தெரிந்ததும் முகம் மலர்ந்து எழப் பார்த்தாள். "அம்சாக்காவா? அவரு ஃபோன்ல உங்களப் பத்தித்தான் பேசுவாரு. நல்ல அக்கா, நல்ல அக்கான்னுவாரு. ஒக்காருக்கா, தண்ணி எடுத்தாறேன்."

"வேணாம்மா. நான் சொல்றத மொதல்ல கேளு" என்று அம்சா தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். தன் வாயால்தான் அந்தப் பெயர் போனது என்பதை மறைக்காமல் சொன்னாள். தன் மகளின் கால் பொருந்தியதை, ஒருநாள் பொறுத்திருந்ததை, விடிந்தபோது மணல் சுத்தமாக இருந்ததைச் சொன்னாள். அடிப்பாள், காறித் துப்புவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்து, எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

கன்னியம்மா கடலையை உரிப்பதை நிறுத்தவில்லை. தோலை ஒரு பக்கமும் பருப்பை முறத்திலும் போட்டுக்கொண்டே இருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"அன்னிக்கு ஒரு நாளு எறங்காம இருந்திருந்தா போதுமாக்கா?"

"போதும்மா."

"ஒரு நாளா?"

"ஒரே நாளுதாம்மா."

கன்னியம்மா இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"உம் பொண்ணுன்னா மட்டும் பொறுக்கத் தெரிஞ்சுதேக்கா உனக்கு" என்றாள்.

மடியில் பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. கன்னியம்மா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எழுந்து உள்ளே போனாள்.